கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள்

தலைசுற்றலோடு ஒருவர் மூன்று மாதம் அலைந்தால் அவர் கையில் என்னென்ன சேர்ந்திருக்கும் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஒரு கழுத்து எக்ஸ்ரே, அதில் 'தேய்மானம்' என்று ஒரு வரி, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை, மூன்று வேளைக்கும் தலைசுற்றல் மாத்திரை. வீட்டார் தங்கள் பங்குக்கு, "தலையை ஆட்டாதே, குனியாதே, தனியாக வெளியே போகாதே, படுத்து ஓய்வெடு" என்று சொல்லியிருப்பார்கள். எல்லாம் அக்கறையால் செய்யப்படுபவை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: நின்றுபோக வேண்டிய தலைசுற்றலை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதில் இந்த நான்குக்கும் பங்கு உண்டு.

முதலில் கழுத்தைப் பார்ப்போம். அறுபது வயதைத் தாண்டிய யாரை வேண்டுமானாலும் அழைத்து வந்து கழுத்தைப் படம் எடுங்கள். பெரும்பாலோருக்கு எலும்பு விளிம்பில் முள் வளர்ந்திருக்கும், வட்டு சுருங்கியிருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்குத் தலை சுற்றுவதே இல்லை. எல்லோரிடமும் இருக்கும் ஒன்றைச் சிலரிடம் மட்டும் இருக்கும் நோய்க்குக் காரணமாகச் சொல்வதானால் வேறு சான்று வேண்டும். எக்ஸ்ரே அந்தச் சான்றைத் தருவதில்லை. கழுத்துத் தேய்மானம் தொல்லையே தராது என்று நான் சொல்லவில்லை. நரம்பை அழுத்தினால் தோளிலிருந்து கைவரை வலி இறங்கும், விரல் மரக்கும். தண்டுவடத்தை அழுத்தினால் நடை தளரும், சட்டைப் பொத்தான் போட வராது. இவை கழுத்து நோயின் அடையாளங்கள். படுக்கையில் திரும்பும்போது அறையே சுழல்வது இவற்றில் சேராது. கழுத்திலிருந்து தலைசுற்றல் வருமா என்பதே நிபுணர்களிடையே இன்னும் தீராத விவாதம். வரும் என்று சொல்பவர்கள்கூட, மற்ற எல்லாக் காரணங்களையும் விலக்கிய பிறகே அதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நம் ஊரிலோ அதுதான் முதலில் சொல்லப்படுகிறது, பல நேரம் அதோடு தேடலும் முடிந்துவிடுகிறது.

"அண்ணாந்து பரணில் இருப்பதை எடுத்தால்தானே சுற்றுகிறது? குனிந்து நிமிர்ந்தால்தானே வருகிறது? அப்படியானால் கழுத்துதானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கழுத்து அசையும்போது தலையும் அசைகிறது, உள்காது தலைக்குள் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே அசைவதால் எது குற்றவாளி என்பதை அந்த அசைவு மட்டும் காட்டிக்கொடுக்காது. பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. இரவில் படுக்கையில் உடம்போடு சேர்த்துப் புரளும்போது கழுத்து முறுக்குவதே இல்லை, தலையும் தோளும் ஒன்றாகத்தான் திரும்புகின்றன. அப்போதும் சுற்றுகிறதா? சுற்றுகிறது என்றால் கழுத்தை விட்டுவிட்டுக் காதைப் பாருங்கள். தலைசுற்றலோடு வருபவர்களில் எத்தனையோ பேர் முதலில் சொல்வதே, "விடிகாலையில் புரண்டு படுத்தேன், கட்டிலோடு தூக்கி எறிந்ததுபோல் இருந்தது" என்பதுதான்.

உள்காதின் ஒவ்வொரு பக்கத்திலும் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் திரவம் நகர்ந்து மூளைக்குச் செய்தி சொல்கிறது. ஏறக்குறைய நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் மூளை கண்களை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. நடந்துகொண்டே பெயர்ப்பலகையைப் படிக்க முடிவது இதனால்தான். இந்தக் குழாய்களுக்குப் பக்கத்திலுள்ள ஒரு பையில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. எது மேல், எது கீழ் என்று நமக்கு உணர்த்துபவை அவை. வயதாலோ, தலையில் பட்ட அடியாலோ, பல நேரம் காரணம் எதுவும் தெரியாமலோ அவற்றில் சில உதிர்ந்து குழாய்க்குள் போய்விடுகின்றன. அதன்பின் தலை குறிப்பிட்ட நிலைக்கு வரும்போதெல்லாம் துகள்கள் உருளும், திரவம் தள்ளப்படும், அசையாத தலையை அசைவதாக மூளை நம்பும். உலகம் சுழலும். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் துகள்கள் தங்கிவிடும், சுழற்சி நிற்கும். மீண்டும் புரண்டால் மீண்டும் வரும்.

இது நேற்றுக் கண்டுபிடித்த செய்தி இல்லை. காதும் கண்ணசைவும் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டியதற்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ராபர்ட் பாரனி, தலையின் நிலையைப் பொறுத்து வரும் இந்தத் தலைசுற்றலை 1921-லேயே விவரித்துவிட்டார். 1952-இல் இங்கிலாந்தில் மார்கரெட் டிக்ஸும் சார்லஸ் ஹால்பைக்கும் இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை எழுதி வைத்தார்கள். நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்துத் தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் படுக்கவைத்து, தலை கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே தாழுமாறு பிடித்துக்கொண்டு கண்ணைப் பார்க்க வேண்டும். துகள் அந்தக் காதில் இருந்தால் சில நொடிகளில் கண் துடித்துச் சுழலத் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். ஒரு கட்டிலும் பார்க்கத் தெரிந்த கண்களும் போதும். கழுத்திலோ முதுகிலோ பெரிய பழுதுள்ளவர்களுக்கு மட்டும் படுக்கவைப்பதில் கூடுதல் கவனம் தேவை.

சிகிச்சையும் அதே கட்டிலில்தான் நடக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் காது மருத்துவராக இருந்த ஜான் எப்லி, துகள்கள் குழாய்க்குள் மிதக்கின்றன என்றால் தலையைச் சரியான வரிசையில் உருட்டி அவற்றை வெளியேற்றிவிடலாமே என்று நினைத்தார். படுத்த நிலையில் தலையைப் பாதிக்கப்பட்ட பக்கம் வைத்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். பிறகு மறுபக்கம் 90 பாகை திருப்பி அதே நேரம். பிறகு உடம்போடு புரண்டு மூக்கு தரையைப் பார்க்க மீண்டும் அதே நேரம். பிறகு எழுந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான். 1980-இல் அவர் இதைச் சக மருத்துவர்கள் முன் சொன்னபோது நம்ப ஆளில்லை. மருத்துவ இதழில் கட்டுரை அச்சேற 1992 ஆயிற்று. இன்று உலகெங்கும் இந்த நோய்க்கு முதல் சிகிச்சை இதுதான். ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சுழற்சி நின்றுவிடுகிறது. சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் திரும்ப வரும். வந்தால் திரும்பச் செய்யலாம்.

இவ்வளவு எளிய சோதனையும் சிகிச்சையும் இருக்கும்போது பட்டையும் மாத்திரையும் ஏன் ஆள்கின்றன? அவை பலன் தருவதுபோல் தோன்றுவதுதான் காரணம். இந்த இடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நோயாளிகள் பொய் சொல்வதில்லை. பட்டை போட்டதும் சுற்றல் குறைந்தது என்று ஒருவர் சொன்னால் அது உண்மைதான். பட்டை தலையை ஆடவிடாமல் வைத்திருக்கிறது. தலை ஆடாதவரை துகளும் உருளாது, சுற்றாது. உடனே, "பார்த்தீர்களா, கழுத்துதான்" என்று தீர்ப்பாகிவிடுகிறது. மாத்திரை சாப்பிட்டுச் சில வாரங்களில் நின்றுவிட்டது என்பதும் உண்மையாக இருக்கலாம். உதிர்ந்த துகள்கள் பலருக்குச் சில வாரங்களில் தாமாகவே கரைந்தோ இடம் மாறியோ போய்விடுகின்றன. பெருமை மாத்திரைக்குப் போகிறது. இப்படிக் கிடைக்கும் தவறான சான்றுகளால்தான் தவறான முடிவு தலைமுறை தாண்டி வாழ்கிறது. அம்மாவுக்குக் 'கழுத்து' என்று சொல்லப்பட்டிருந்தால் மகளும் தன் தலைசுற்றலுக்குக் கழுத்தையே படம் எடுத்துப் பார்க்கிறாள்.

ஒரு காலத்தில் இந்த இடத்தில் மூளை இருந்தது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தலைசுற்றல் என்றால் மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டது என்று பொருள், அதற்கு மருந்து ரத்தத்தை வெளியேற்றுவது. பாரிஸில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த புரோஸ்பர் மெனியர், தன்னிடம் வந்தவர்களைக் கவனித்தார். தலை சுழல்கிறது, காதில் இரைச்சல் வருகிறது, கேட்கும் திறன் குறைகிறது, ஆனால் மூளை நோய்க்கான வேறு அடையாளம் எதுவும் இல்லை. 1861-இல் அவர் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் எழுந்து, இது காதின் நோய் என்று சொன்னார். பெரிய வரவேற்பு இல்லை. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். இன்று ஒரு நோய் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அன்று மூளையைக் குற்றம் சாட்டியவர்களிடம் ரத்தம் எடுக்கும் கத்தி இருந்தது, இன்று கழுத்தைக் குற்றம் சாட்டுபவர்களிடம் எக்ஸ்ரே இருக்கிறது. இரண்டு காலத்திலும் விடுபட்டது ஒன்றே: நோயாளியைப் படுக்கவைத்து அவர் கண்ணைப் பார்ப்பது.

மாத்திரைகள் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. புரோகுளோர்பெரசைன், சின்னரிசைன் போன்றவை சமநிலைச் செய்திகளை மட்டுப்படுத்துபவை. திடீரென்று வாந்தியும் சுழற்சியுமாகப் படுத்தவருக்கு முதல் இரண்டு மூன்று நாள் கொடுப்பது கருணைதான். ஆனால் ஒரு பக்கக் காதின் நரம்பு வைரஸ் தாக்குதலால் செயலிழந்துவிட்டால், அந்த இழப்பை ஈடுசெய்து மறுபடி சமநிலையைக் கற்றுக்கொள்வது மூளைதான், குறிப்பாகச் சிறுமூளை. அது கற்றுக்கொள்ள வேண்டுமானால் எங்கே பிழை நடக்கிறது என்ற செய்தி அதற்குப் போய்ச்சேர வேண்டும். இந்த மாத்திரைகள் மட்டுப்படுத்துவது அந்தச் செய்தியைத்தான். ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருஷம் என்று தொடர்ந்து கொடுத்தால் மூளை கற்றுக்கொள்வது தள்ளிப்போகிறது, தலைசுற்றல் நீள்கிறது, நீள்வதால் மாத்திரையும் தொடர்கிறது. துகள் உதிர்ந்த தலைசுற்றலுக்கு இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டு நெறி 2008-லேயே சொன்னது, 2017-இல் புதுப்பித்தபோதும் சொன்னது. மாத்திரையால் துகளை நகர்த்த முடியாது என்பது வழிகாட்டு நெறி இல்லாமலே விளங்கும்.

இதைவிட என்னைப் பதறவைப்பது வேறு. சின்னரிசைனும் புரோகுளோர்பெரசைனும் மாதக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால், வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் உடல் விறைப்பும் நடை தளர்ச்சியும் வரலாம். பார்கின்சன் நோய்போலவே இருக்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். நிறுத்தாமல் நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை எழுதப்பட்டால்? அந்த மாத்திரைகளில் சில, எழுந்து நின்றால் ரத்த அழுத்தத்தை இறக்குபவை. மறுபடி தலை சுற்றும். எழுபது வயதுப் பாட்டி ஒருவரின் மருந்துப் பெட்டியில் இந்தச் சங்கிலி முழுவதும் இருக்கக்கூடும், எந்தக் கண்ணி முதலில் வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் தலைசுற்றல் மாத்திரையை மாதங்களாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது பெட்டியோடு எடுத்துச் சென்று, "இதை இன்னும் எத்தனை நாள், எதற்காக?" என்று கேளுங்கள். நீங்களாகவே நிறுத்த வேண்டாம், கேட்டு நிறுத்துங்கள்.

மிக அதிகம் எழுதப்படும் பீட்டாஹிஸ்டின் அந்த அளவுக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் அது என்ன நன்மை செய்கிறது? மெனியர் நோயாளிகளுக்கு அதைக் குறைந்த அளவிலும் அதிக அளவிலும் வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டு ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்த ஜெர்மானிய ஆய்வொன்று 2016-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. மூன்று குழுவினருக்கும் தாக்குதல்கள் ஒரேபோலக் குறைந்தன. மெனியருக்கே இந்த நிலை என்றால், நோய் இன்னதென்று பெயர் வைக்காமல் கிறுகிறுப்பு என்று வரும் எல்லோருக்கும் அதை எழுதுவதற்கு என்ன அடிப்படை?

பித்தம் என்று சொல்லும் பாட்டிகளோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது, மஞ்சளாகக் கசப்பாக வாந்தி வருகிறது, பித்தம் தலைக்கேறிவிட்டது. நடப்பது என்னவென்றால், புரண்டு எழும்போது துகள் உருள்கிறது. சமநிலைச் செய்தியைப் பெறும் மூளைப்பகுதிக்கும் வாந்தியைத் தூண்டும் பகுதிக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. இரவு முழுதும் காலியாக இருந்த வயிற்றில் வாந்தியாக வர பித்தநீரைத் தவிர வேறென்ன இருக்கும்? இஞ்சிச் சாறு குமட்டலைக் கொஞ்சம் தணிக்கும், குடிக்கட்டும். அதோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை.

'லோ பிபி' விஷயத்தில் அவ்வளவு சாந்தமாக இருக்க முடியவில்லை. ஒல்லியான இளம்பெண்ணுக்கு 100/60 என்பது பல நேரம் அவளுடைய இயல்பான அளவு. அதை நோயாக்கி, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றை மருந்தாக்கிவிடுகிறோம். உண்மையில் பார்க்க வேண்டியது எழுந்து நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதை. படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை அளந்து, மேல் அளவு 20-க்கோ கீழ் அளவு 10-க்கோ குறையாமல் இறங்கினால்தான் அது நிற்கும்போது வரும் அழுத்தக் குறைவு. எத்தனை இடங்களில் நிற்கவைத்து அளக்கிறார்கள்? ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடும் பெரியவர் எழுந்ததும் கண் இருட்டுகிறது என்றால், பார்க்க வேண்டியது அந்த மாத்திரைகளை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை கழுத்து எக்ஸ்ரேவைவிட மலிவு. பரிசோதனையின் வரிசையே தலைகீழாக இருக்கிறது.

இனி, இவை எல்லாம் பார்த்தாகிவிட்டது, துகள் இல்லை, அழுத்தம் சரி, ரத்தம் சரி, ஸ்கேன் சரி, ஆனாலும் மாதங்களாகத் தலை ஆடுகிறது என்று சொல்பவர்களிடம் வருகிறேன். அவர்களைத்தான் நாம் அதிகம் கைவிட்டிருக்கிறோம். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், மனசுதான் காரணம், எதையும் யோசிக்காதீர்கள்" என்று வழியனுப்பப்படுபவர்கள் இவர்கள்.

அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். சுழல்வதில்லை, ஆனால் படகில் நிற்பதுபோல் ஒரு அசைவு நாள் முழுதும் இருக்கிறது. படுத்தால் பரவாயில்லை, நின்றால் நடந்தால் கூடுகிறது. துணிக்கடைக்குள் போனால், வரிசை வரிசையாகத் தொங்கும் புடவையும் கண்ணாடியும் வெளிச்சமுமாகச் சேர்ந்து தலையைக் கிறக்குகிறது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நடக்க முடியவில்லை. ஓடும் பேருந்தின் ஜன்னலில் பார்க்க முடியவில்லை. செல்போனில் வேகமாக நகர்த்திப் படித்தால் குமட்டுகிறது. கட்டம் போட்ட தரைமீது நடக்கப் பயமாக இருக்கிறது. ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி இந்த விவரிப்பு ஒரேபோல இருக்கிறது. கற்பனை நோயென்றால் இத்தனை பேர் ஒரே விதமாகக் கற்பனை செய்திருக்க முடியாது. ஜெர்மனியில் தாமஸ் பிராண்டும் மரியன்னே டீட்டரிச்சும் 1986-இல் இதன் ஒரு வடிவத்தை விவரித்தார்கள். பாரனியின் பெயரில் இயங்கும் பன்னாட்டு மருத்துவர் சங்கம் 2017-இல் இதற்கான வரையறையை வெளியிட்டது. மூன்று மாதமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில், நிற்கையிலும் அசைகையிலும் கண்ணுக்குச் சிக்கலான காட்சிகளிலும் கூடும் தலை ஆட்டம் என்பது அதன் சாரம். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இடம்பெற்றிருக்கிறது.

நடப்பது இதுதான். முதலில் உண்மையான ஒரு தாக்குதல் வருகிறது. துகளோ, நரம்பு அழற்சியோ, ஒற்றைத் தலைவலியின் தலைசுற்றலோ, ஒரு பெரும் பதற்றமோ, ஏதோ ஒன்று. ஆபத்து நேரத்தில் மூளை காதை நம்பாமல் கண்ணை நம்பத் தொடங்குகிறது, உடம்பை விறைப்பாக்குகிறது, ஒவ்வோர் அடியையும் காவல் காக்கிறது. பாசி பிடித்த குளத்துப் படியில் இறங்குபவர் அப்படித்தான் நடப்பார், அங்கே அது சரி. தாக்குதல் ஓய்ந்து காது குணமானபிறகும், காய்ந்த தரையில் நின்றுகொண்டு மூளை பாசிப்படி நடையையே நடந்தால் அதுதான் இந்த நோய். உறுப்பில் பழுது இல்லை, இயக்கத்தில் பழுது இருக்கிறது. ஸ்கேன் உறுப்பைத்தான் படம் எடுக்கும். அதனால் அது வெறுமையாக வருவதில் வியப்பே இல்லை, அந்த வெறுமை நோயாளிக்கு எதிரான சாட்சியும் ஆகாது. இயல்பிலேயே பதற்றம் கூடியவர்களுக்கு இது எளிதில் வருகிறது என்பது உண்மை. பதற்றம் நோயைத் தாங்கிப்பிடிக்கும் ஒரு கால், அவ்வளவுதான். அதற்காக நோய் பொய்யாகிவிடாது.

இப்போது அந்த நால்வகைச் சிகிச்சையை இவர் மேல் வைத்துப் பாருங்கள். விறைத்த உடம்புக்கு மேலும் விறைக்க ஒரு பட்டை. அசைவுக்கு மூளை பழக வேண்டிய நேரத்தில் அசைவை மறைக்கும் மாத்திரை. கூட்டத்துக்குக் கண் பழக வேண்டிய நேரத்தில், "வெளியே போகாதே". தேய்மானம் என்ற சொல்லே ஒரு சுமை. தேய்ந்தது திரும்ப வளராது என்று யாருக்கும் தெரியுமே, அப்புறம் அவர் எப்படிக் குணமாவோம் என்று நம்புவார்? பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. கடைக்கு, கோயிலுக்கு, வேலைக்கு, அம்மா வீட்டுக்குத் தனியாகப் போய்வந்த பெண், ஓராண்டில் துணையில்லாமல் தெருமுனையைத் தாண்டாதவளாக ஆகிவிடுகிறாள். பிறகு அந்தப் பயத்தைக் காட்டியே அவளுக்கு மனநோய் என்கிறோம்.

அசைவுதான் மருந்து என்பதும் புதிய கருத்தில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தில், தலையில் அடிபட்ட வீரர்களையும் உள்காது அறுவை செய்துகொண்டவர்களையும் பார்த்த கௌதார்ன், குக்ஸி என்ற இரு மருத்துவர்கள், எழுந்து நடமாடியவர்கள் சீக்கிரம் தேறுவதைக் கண்டார்கள். படுக்கையில் கண்ணை மட்டும் அசைப்பதில் தொடங்கி, தலையசைத்தல், உட்கார்ந்து குனிதல், நின்று பந்து எறிதல், கண்ணை மூடிப் படியேறுதல் என்று போகும் பயிற்சி வரிசையை 1940-களில் உருவாக்கினார்கள். கூட்டமும் சத்தமும் உள்ள இடங்களுக்கும் போய்ப் பழகச் சொன்னார்கள். நாம் போகாதே என்று சொல்லும் இடங்களுக்கு.

வீட்டில் தொடங்கக்கூடியது இது. ஒரு தாளில் பெரிய எழுத்து ஒன்றை எழுதிக் கண் உயரத்தில் சுவரில் ஒட்டி, கை நீளத் தூரத்தில் உட்காருங்கள். எழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமுமாக, எழுத்து மங்காத வேகத்தில் ஆட்டுங்கள். பிறகு மேலும் கீழுமாக. ஒரு நிமிடம், நாளைக்கு மூன்று வேளை. கொஞ்சம் கிறுகிறுக்கும், கிறுகிறுக்கத்தான் வேண்டும். கால் மணி நேரத்துக்குள் அது தணிந்துவிட்டால் அளவு சரி, மணிக்கணக்கில் நீடித்தால் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பழகியதும் நின்று, அப்புறம் தலையணைமேல் நின்று செய்யுங்கள். சுவர் மூலையை ஒட்டி நின்றால் விழ வழியில்லை. அப்புறம் நடந்துகொண்டே இடமும் வலமும் பார்ப்பது. வாசலில் குனிந்து கோலம் போடுவதும் நல்ல பயிற்சிதான், அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். வாரங்கள் பிடிக்கும். முதல் வாரத்தில் கூடியதுபோல் தோன்றினால் பயந்து விட்டுவிடக் கூடாது. சிலருக்கு இதோடு, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்தைச் சிறிய அளவில் தொடங்கிக் கொடுப்பது உதவுகிறது. மூளையின் இந்தக் காவல் நிலையைத் தளர்த்த அது கொடுக்கப்படுகிறது, பைத்தியம் என்பதற்காக இல்லை. என்ன நடக்கிறது என்பதை விளக்கிச் சொல்வதும் சிகிச்சையில் பாதி. காரணம் தெரியாத ஆட்டத்துக்குப் பயப்படுவதுபோல், தெரிந்த ஆட்டத்துக்கு உடம்பு பயப்படுவதில்லை.

"விழுந்துவிட்டால்?" இந்தக் கேள்வி நியாயமானது, எழுபது வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் என்னவாகும் என்பதும் தெரியும். ஆனால் விழுவதற்குப் பயந்து உட்காரவைத்தால் கால் தசை கரைகிறது, சமநிலை இன்னும் கெடுகிறது, விழும் வாய்ப்பு கூடுகிறது. "வயசானால் அப்படித்தான்" என்று விடுவதிலும் அதே ஆபத்து. 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதியோர் மருத்துவமனைக்கு வேறு காரணங்களுக்காக வந்தவர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு ஒன்பது பேருக்கு யாரும் கண்டுபிடிக்காத துகள் நோய் இருந்தது. சில நிமிடங்களில் தீர்ந்திருக்கக்கூடிய ஒன்றை அவர்கள் முதுமை என்று ஏற்றுக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

ஓய்வும் காத்திருப்பும் கூடாத இன்னொரு வகையும் இருக்கிறது. திடீரென்று தலை சுற்றத் தொடங்கி நிற்காமல் நீடிப்பதோடு, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, விழுங்குவதில் சிரமம், முகமோ கைகாலோ ஒரு பக்கம் மரத்தல், பிடிமானமின்றி நிற்கவே முடியாமை, இதுவரை இல்லாத கடுந்தலைவலி, ஒரு காதில் திடீர்ச் செவிட்டுத்தன்மை இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் பித்தம், கழுத்து என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, 108-ஐ அழையுங்கள். சிறுமூளைப் பக்கவாதம் இப்படித்தான் வரும். சி.டி. ஸ்கேன் அதைப் பெரும்பாலும் காட்டாது, முதல் இரண்டு நாளில் எம்.ஆர்.ஐ.கூடச் சிலரிடம் தவறவிடும். தலையைச் சட்டென்று திருப்பிக் கண் பின்தங்குகிறதா என்று பார்ப்பது உள்ளிட்ட மூன்று கண் சோதனைகள், பயிற்சி பெற்றவர் செய்தால், முதல் நாள் எம்.ஆர்.ஐ.யைவிடக் கூர்மையாகப் பக்கவாதத்தைப் பிரித்துக் காட்டுகின்றன என்று 2009-இல் நிறுவப்பட்டது. ஆபத்தான தலைசுற்றலைக் கண்டுபிடிப்பதற்கும் நோயாளியின் கண்ணைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே அளக்கப்படுகின்றன. அப்படி அளப்பவர்கள் பெரியவரை ஒருமுறை நிற்கவைத்தும் அளக்க வேண்டும். இயன்முறை மருத்துவர்களுக்கு டிக்ஸ் ஹால்பைக் சோதனையையும் எப்லி முறையையும் சமநிலைப் பயிற்சிகளையும் செய்முறையோடு கற்றுக்கொடுக்க வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குத் தலைசுற்றலோடு வருபவருக்குக் கழுத்து எக்ஸ்ரே எழுதும் முன், எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைச் செய்தால் வருகிறது என்ற மூன்று கேள்விகளும் கட்டிலில் ஒரு சோதனையும் முடிந்திருக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை விதியாகவே எழுதி அனுப்ப வேண்டும்.